அலரும் அறத்தொடு நிலையும்

பழந்தமிழ்ப் புலவர் காதலர் இருவரின் உள்ளத்தைப் பாடியதோடு அமைந்தாரல்லர். அவரைச் சூழ்ந்திருந்த ஊரின் வாயையும் பாடினர். அவ்வூர்ப் பேச்சினை அம்பல் என்றும் அலர் என்றும் இருவகைப்படுத்தினர். அம்பலாவது சிலரிடையே முகிழ்த்து, வெளிப்படச் சொல்லப்படாது நிற்பது. அலராவது அம்முகை விரிந்து பலரறியப் பேசப்படுவது. மறைவாக நிகழும் களவொழுக்கத்தை வெளிப்படுத்துவன இவ்விரண்டும் என்பது தொல்காப்பியர் கருத்து.

இன்று பாடசாலை மாணவரை வருத்தும் இணையவழி வசையினை ஆராய்வோர் சட்ட நூல்களையும் உளவியல் நூல்களையும் துணைக்கொள்வர். அது தக்கதே. ஆயினும், பிறருடைய அகவாழ்வைப் பற்றிப் பேசுங்கால் பேசுவோர் கொள்ளவேண்டிய வரம்பு யாது என்னும் வினாவிற்கு அகப்பொருள் மரபு நெடுங்காலத்துக்கு முன்னரே விடை கண்டுள்ளது. அவ்விடையைக் கொண்டு இக்காலப் பாடசாலைகளின் போக்கினை அளந்து காண்பது பயனுடைத்து.

அகத்திணையில் தலைவனையோ தலைவியையோ இன்னார் எனப் பெயர் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. இன்ப உணர்ச்சி மக்கள் அனைவர்க்கும் பொதுவாதலின் பெயர் வேண்டப்படவில்லை என்று இதற்குக் காரணங் கூறுவர். அதுவும் ஏற்புடைத்தே. ஆயின், அவ்விதி எத்துணைக் கண்டிப்புடன் போற்றப்பட்டது என்பதை நோக்கின், அதன்கண் ஓர் அறமும் அடங்கியிருத்தல் புலனாகும். அகநானூற்றில் பரணர் பாடிய 246 ஆம் பாட்டிலே, தலைவியைப் பற்றி எழுந்த அலர், கரிகாலன் வெண்ணிப் போரில் வென்ற ஞான்று அழுந்தூரில் எழுந்த ஆரவாரத்தினும் பெரிது என்று கூறப்படுகின்றது. உவமையில் வந்த வேந்தனுக்கு அடையாளமுண்டு. அவன் வென்ற களத்துக்கும் பெயருண்டு. அலருக்கு இலக்கான பெண்ணுக்கு மட்டும் பெயரில்லை. ஊர் முழுதும் அவளைப் பேசியது என்று சொல்லும் புலவர், அவள் யார் என்பதைக் கற்போர்க்குச் சொல்லிற்றிலர்.

பெயரை மறைத்தால் மட்டும் போதுமோ எனின், போதாது என்பதற்கு நெடுநல்வாடையே சான்று. அப்பாட்டில் தலைவியின் பிரிவுத் துயர் அகப்பொருளாகவே அமைந்துள்ளது. எவர் பெயரும் அங்கே கூறப்படவில்லை. எனினும் பாசறையில் காட்டப்படும் வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருக்கின்றது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அவ்வடையாளம் ஒன்றினாலேயே தலைவன் இன்னான் என்பது தோன்றிவிட்டமையால் அப்பாட்டு அகமாகாது புறமாயிற்று என்பர் நச்சினார்க்கினியர். பெயர் கூறாவிடினும் ஆளை அறிவிக்கும் குறி ஒன்று வெளிப்படின், அகம் புறமாகிவிடும் என்பது இதனாற் பெறப்படும். தனிமறை பற்றிய இக்காலச் சட்ட அறிஞரும் இதனையே வேறு சொற்களாற் கூறுகின்றனர்.

இந்நுட்பம் ஏட்டளவில் நிற்பதன்று. புத்தளம் மாவட்டத்தில், களப்புக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடப்பது கற்பிட்டித் தீபகற்பம். அங்குள்ள கரையோர ஊர்களுள் ஒன்று பள்ளிவாசல்துறை. மீன்பிடித் தொழிலும் மணற்றரைத் தோட்டப் பயிரும் அத்தீபகற்பத்து மக்களுக்கு வாழ்வளிப்பன. பழையோர் வகுப்பின்படி அது நெய்தல் நிலம். நெய்தற் பாட்டுக்களில் தலைவன் துறைவன் என்றும் சேர்ப்பன் என்றும் அழைக்கப்படுவான். எத்துறைக்கு உரியவனுக்கும் பொருந்துமாதலின், அது ஆளைக் காட்டாது காக்கும் பெயர். ஆனால் பள்ளிவாசல்துறை போன்றதோர் ஊரிலே ஒவ்வொரு குடும்பமும் மற்றக் குடும்பங்களை அறியும். அத்தகைய ஊரில் ஒரு மாணவியின் நிழற்படம் முகம் மறைக்கப்பட்டுப் பெயரின்றி வந்ததென்று கொள்வோம். சீருடையும் கழுத்துப்பட்டியும், பின்புறத்தே தெரியும் மதிலும் போதும். அவள் யாரென்பது மாலைக்குள் வெளிப்பட்டுவிடும். வேலிற் கட்டிய வேம்பு செய்த காரியத்தை இங்கே கழுத்துப்பட்டி செய்துவிடுகின்றது. நகரத்துக்குப் போதுமான மறைப்புச் சிற்றூருக்குப் போதாது என்பதைப் பாடசாலை நிருவாகிகள் உணர்தல் வேண்டும்.

பண்டைய அலருக்கும் இணையவழி அலருக்கும் உள்ள வேறுபாடுகளும் நோக்கற்பாலன. திருவள்ளுவர் அலரறிவுறுத்தல் என்னும் அதிகாரத்தில், ஊரவர் பேச்சினைக் காதற் பயிருக்கு இட்ட எருவாகவும், தாயின் கடுஞ்சொல்லை அதற்குப் பாய்ச்சிய நீராகவும் உருவகித்தார். அவரே அறத்துப்பாலில் புறங்கூறாமைக்கு ஓரதிகாரம் வகுத்து அச்செயலைக் கடிந்தார். ஊர்ப்பேச்சு காமத்துப்பாலில் எருவானமைக்குக் காரணம், அதற்கு ஒரு முடிவு இருந்ததேயாகும். வரைவு நிகழ்ந்து தலைவியும் தலைவனும் மணந்துகொண்டபின் அலர் ஓய்ந்துவிடும். கைத்தொலைபேசியிற் பரவும் படத்துக்கு அத்தகைய முடிவில்லை. பதினான்கு வயதிற் செய்த பிழையொன்று, உயர்தரப் பரீட்சையையும் தொழிலையும் திருமணத்தையும் கடந்து தொடர வல்லது. ஆதலின் ‘ஊர்வாய் எக்காலத்தும் உள்ளதே’ என்று கூறி இதனைப் புறக்கணிப்பார் கூற்று பொருந்தாது.

மற்றுமொரு வேறுபாடு இதனினும் கொடிது. பண்டு அலர் தூற்றியோரை ஊர் அறியும்; தூற்றப்பட்டவள் பெயரைப் பாட்டு மறைக்கும். இன்றோ, தூற்றுவோர் பொய்ப்பெயருக்குள் மறைந்துகொள்ள, தூற்றப்பட்டவர் பெயரும் படமும் வெளிப்படுகின்றன. மறைவு யாருக்கு உரியதோ அவரிடமிருந்து பறிக்கப்பட்டு, உரிமையில்லாதவர்க்கு வழங்கப்பட்டுவிட்டது. 2020 ஆம் ஆண்டில் கொவிட் நோயினால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர் பலர் வாட்சப் குழுக்களின் வழியே பாடங்களை அனுப்பினர். வேறு வழியில்லாக் காலத்தில் அது பெருந்தொண்டே. ஆயினும் அதனால் வகுப்பறையும் வீடும் ஒரே திரைக்குள் அடங்கின. மாணவருடைய தொலைபேசி எண்கள் வகுப்பு முழுவதற்கும் தெரிந்தவையாயின. அம்பல் அலராவதற்கு முன்னர் நாட்கள் சென்றன. இன்று அதற்கு ஒரு நாழிகையும் வேண்டாம்.

இந்நிலையிற் பாடசாலைகள் பொதுவாக மேற்கொள்ளும் முறைகள் மூன்று. வாயிலுக்கு வெளியே நிகழ்ந்தது தமது பொறுப்பன்று என்று வாளாவிருத்தல் ஒன்று. காலைக் கூட்டத்தில் மாணவர் அனைவர் முன்னிலையிலும் குற்றம் செய்தவரை நிறுத்திக் கண்டித்தல் மற்றொன்று. தொலைபேசியைக் கைப்பற்றி அதிலுள்ளவற்றைத் திறந்து படித்தல் மூன்றாவது. முதலாவது துன்புற்றவரைக் கைவிடுகின்றது. இரண்டாவது நடுநிலை போலத் தோன்றினும் அம்பலை அலராக்குவது. அதுகாறும் அறியாதிருந்த மாணவரும் அன்று அறிந்துகொள்வர். மூன்றாவதில் இரண்டு செயல்கள் கலந்துள்ளன. பாடவேளையிற் பயன்படுத்திய கருவியை வாங்கி வைத்தல் ஒழுங்கின்பாற்படும். அதனுட் புகுந்து ஒருவருடைய மடல்களைப் படித்தல் அவருடைய அகத்துட் புகுதலாகும். இவற்றோடு, பரீட்சைப் பெறுபேற்றையும் மாணவர் படங்களையும் முன்பின் ஆராயாது முகநூலில் இடும் பாடசாலை, மாணவர்க்குத் தனிமறையின் மாண்பினைக் கற்பித்தல் எங்ஙனம்?

அவ்வாறாயின் தக்க முறை யாது? அதற்கும் அகப்பொருள் மரபிலேயே ஒரு வழி உண்டு. அது அறத்தொடு நிற்றல் எனப்படும். தலைவி தன் நிலையைத் தோழிக்கு உரைப்பாள். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தமையர்க்கும் உரைப்பர். மறையை அறவே மூடி வைத்தலும் இல்லை. மன்றத்திலே கூவுதலும் இல்லை. அறியவேண்டியவர், அறியவேண்டிய அளவில், தக்கார் வாயிலாக அறிதலே அதன் இயல்பு. தோழி அவ்வாறு உரைக்கும் வகை ஏழெனக் கூறிய தொல்காப்பியர், உண்மை செப்புதலை அவற்றின் இறுதியில் வைத்தார். கேட்போர் மனம் பக்குவப்படும் வரை பொறுத்துச் சொல்லும் நுண்மையை அவ்வைப்பு முறை காட்டும்.

இம்முறை பாடசாலைக்கு முற்றும் பொருந்துவது. ஒரு மாணவரின் துன்பத்தை முதலில் அறிபவர் பெரும்பாலும் உடன் பயிலும் நண்பரே. அவர் அச்சமின்றிச் சென்று கூறத்தக்க ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு பாடசாலையிலும் இருத்தல் வேண்டும். அவரிடமிருந்து அதிபருக்கும், அதிபரிடமிருந்து பெற்றோருக்கும் செய்தி செல்லவேண்டும். பாடசாலையின் எல்லையைக் கடந்த கொடுமையாயின், 1929 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை நாடலாம். வளைகுடா நாட்டிலே தொழில் செய்யும் தாய், தன் மகளைப் பற்றிய செய்தியை யாரோ அனுப்பிய படத்தால் அறிதல் வேறு. மகளை நன்கறிந்த ஆசிரியரின் குரலால் அறிதல் வேறு. முன்னையது அலர், பின்னையது அறத்தொடு நிலை.

சட்டம் இருக்க இலக்கிய மரபு எதற்கு என்று வினவலாம். இலங்கைப் பாராளுமன்றம் 2024 சனவரி 24 ஆம் நாள் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. துன்புறுத்தும் நோக்குடன் ஒருவருடைய தனிப்பட்ட செய்திகளை வெளியிடுதலை அச்சட்டம் குற்றமாக்கியது. ஆயினும் அது கருத்துரிமையை நெருக்கும் என்ற கண்டனமும் வலுவாக எழுந்தது. சிலப்பதிகாரத்தில் பூம்புகாரின் சதுக்கப் பூதம், புறங்கூறுவோரைப் பாசத்தாற் கட்டிப் புடைத்துண்ணும் என்று கூறப்படும். சட்டமும் அப்பூதம் போன்றது. கூறியவனை ஒறுக்க வல்லது, கூறப்பட்டவளின் மனத்தை ஆற்ற வல்லதன்று. மேலும், கூறியவனும் ஒரு சிறுவனாயின் பூதத்தின் கையில் அவனை ஒப்படைத்தல் ஆசிரியர்க்கு அழகாகாது. இலங்கை 1991 இல் ஏற்புறுதி செய்த சிறுவர் உரிமைகள் சமவாயம், சிறுவரின் தனிமறைக்கும் நற்பெயருக்கும் காவல் வேண்டுமென்றது. அக்காவல் துன்புற்ற சிறுவர்க்கும் தவறிழைத்த சிறுவர்க்கும் பொது.

பாடசாலையின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதற்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் 2021 இல் அளித்த தீர்ப்பொன்று ஒப்புநோக்கத் தக்கது. விடுமுறை நாளில், பாடசாலைக்கு வெளியே இருந்து, பாடசாலையை இழித்துச் சில சொற்களை இணையத்தில் இட்ட மாணவியைக் குழுவொன்றிலிருந்து ஓராண்டு விலக்கியமை தவறெனத் தீர்க்கப்பட்டது. ஆயினும் குறிப்பிட்ட ஒருவரைக் கடுமையாகத் துன்புறுத்தும் பேச்சாயின், அது வெளியே நிகழினும் பாடசாலை தலையிடலாம் என்றும் அந்நீதிமன்றம் கருதியது. நிறுவனத்தைக் குறைகூறும் மாணவர் வேறு, சக மாணவரை வதைப்பவர் வேறு என்னும் பகுப்பு இங்குப் பெறப்படும். முன்னவரைப் பொறுத்தலும் பின்னவரைத் திருத்துதலும் கடன். பல பாடசாலைகள் இதனைத் தலைகீழாகச் செய்தல் வருந்தத்தக்கது. அவ்வழக்கின் தலைப்பிலே அம்மாணவியின் பெயர் பி. எல். என்னும் இரண்டு எழுத்துக்களாக மட்டுமே பொறிக்கப்பட்டிருத்தல் ஈண்டு நினைவுகூரத் தக்கது. கடல் கடந்த மன்றமொன்றும், வழக்காடும் சிறுமியின் பெயரை மறைத்தே எழுதியது.

சங்க இலக்கியத்தைப் பரீட்சைக்காகக் கற்பிக்கும் பாடசாலை, அம்பலும் அலரும் எவை என்று மாணவரை வினவி மதிப்பெண் இடுகின்றது. அவ்விலக்கணத்தின் உயிர்நிலை, பேசப்படுபவரின் பெயரைக் காப்பதிலும், துன்பத்தைத் தக்கார் செவிக்குத் தக்கவாறு சேர்ப்பதிலும் உள்ளது. வகுப்பறையில் அதனைக் கற்பித்துவிட்டுக் காலைக் கூட்டத்தில் அதனை மீறும் ஆசிரியர், தாம் கற்பித்ததைத் தாமே கல்லாதவராவர்.