கணக்கில் வராத ஊர்

1910-இல் பன்னிரண்டு பேர் தொடங்கிய டெகானியாதான் முதல் கிபுட்ஸ். நிலம் பொது, சாப்பாடு பொது, வருமானமும் பொது. அதுவே 2007-இல் வேலைக்கேற்ற சம்பளத்துக்கு மாறியது. சமத்துவம் தோத்துப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆமோஸ் ஓஸ் அவ்வளவு சுலபமாக விடுவதில்லை. ஹுல்டா கிபுட்ஸில் சுமார் முப்பது வருஷம் வாழ்ந்து, ராயல்டியைப் பொதுக்கணக்கில் சேர்த்தவர் அவர்.

2012-இல் வந்த 'பிட்வீன் ஃபிரண்ட்ஸ்' தொகுப்பில், 'டெய்ர் அஜ்லூன்' கதையின் யோதாமை இத்தாலியிலிருக்கும் மாமா தன் செலவில் இஞ்சினியரிங் படிக்கக் கூப்பிடுகிறார். கிபுட்ஸுக்குப் பைசா செலவில்லை. ஆனாலும் கூடிப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். குடும்பக் காசில் இஞ்சினியரிங் படித்த எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது: பணக்கார மாமா இல்லாதவன் என்ன செய்வான்? பிறப்பில் வரும் அதிர்ஷ்டத்தை ஒழிக்கத்தானே கிபுட்ஸே வந்தது?

மனசு தாங்காமல் யோதாம் போகுமிடம், பக்கத்தில் இடிந்துகிடக்கும் டெய்ர் அஜ்லூன் என்ற அரபு கிராமம். ஒருவனின் படிப்புச் செலவை இவ்வளவு நுணுக்கமாக எடைபோடும் சமத்துவம், வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓஸ் நம்மை அங்கே கூட்டிப்போகிறார், சரி. ஆனால் அங்கே வாழ்ந்த ஒருவரைக்கூடப் பாத்திரமாக்கவில்லை. அந்த ஊர் யோதாமின் சோகத்துக்குப் பின்னணியாக மட்டுமே நிற்கிறது. நல்ல கதைதான், என் புகாரும் அதுதான்.