கடைசிப் பத்து சதவீதம்

2025 ஜனவரியில், செயல்திறன் குறைந்த 5 சதவீத ஊழியர்களை வெளியேற்றப்போவதாக மெட்டாவின் தலைவர் மார்க் ஜக்கர்பெர்க் அறிவித்ததும் பழைய பல்லவி மறுபடி கேட்டது: ஈவு இரக்கம் பாராமல் முடிவெடுப்பவரே தலைவர். இதற்கு மெட்டுப் போட்டவர் ஜாக் வெல்ச். 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலக்ட்ரிக்கை ஆண்டவர். 1999இல் ஃபார்ச்சூன் இதழ் நூற்றாண்டின் மேலாளர் என்று முடிசூட்டியவர். மேலே 20, நடுவில் 70, கீழே 10 என்று ஊழியர்களைப் பிரித்து, கடைசிப் பத்து சதவீதத்தை ஆண்டுதோறும் கழித்துவிடுவது அவர் முறை.

வெல்ச் பருத்துக் கிடந்த நிர்வாக அடுக்குகளை உடைத்தார். இருபது வருடம் தட்டிக்கொடுத்துவிட்டு ஐம்பது வயதில் வெளியே அனுப்புவதே கொடுமை, குறையை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நல்லது என்றார். பூசி மெழுகும் மேனேஜரிடம் வேலை பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

ஆனால் குறையைச் சொல்வது வேறு, ஒதுக்கீட்டை நிரப்புவது வேறு. வடிகட்டிச் சேர்த்த பத்துப் பேரும் நன்றாகவே உழைத்தாலும் ஒருவர் தேறாதவர் ஆகியே தீரவேண்டும். உண்மை பேசச் சொல்லிக் கிளம்பிய முறை, மேனேஜரை வருடத்துக்கு ஒருமுறை பொய் சொல்ல வைக்கிறது. புதிதாக வந்தவர், பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியவர், மேனேஜரிடம் சண்டை போடத் தெரியாதவர்: பெல் கர்வின் வாலில் யார் போய் விழுவார்கள் என்பது சென்னை ஓஎம்ஆரின் ஐடி நிறுவனங்களில் அப்ரைசல் பார்த்த எவருக்கும் தெரியும். சில டீம்களில் முறைவைத்தே விழுகிறார்கள், இந்த வருடம் நீ, அடுத்த வருடம் அவன்.

இந்த முறையின் ஓட்டையை, வெல்ச் புகழின் உச்சிக்குப் போகும் முன்பே, தரக் கட்டுப்பாட்டு அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் ஒரு விளையாட்டின் மூலம் காட்டிவிட்டார். 4,000 மணிகள் கொண்ட பெட்டி. அதில் 800 சிவப்பு, மற்றவை வெள்ளை. ஐம்பது குழிகள் உள்ள துடுப்பை உள்ளே விட்டு எடுக்கவேண்டும். வெள்ளை நல்ல சரக்கு, சிவப்பு கழிவு. பயிற்சி அரங்கில் கைதூக்கியவர்கள் தொழிலாளிகள், டெமிங்கே மேஸ்திரி. சிவப்பு குறைவாக வந்தவருக்குப் பாராட்டு, அதிகம் வந்தவருக்கு வசவு. கடைசியில் பாதிப் பேருக்கு வேலை போகும். அரங்கம் சிரிக்கும். குழிக்குள் எத்தனை சிவப்பு விழும் என்பது பெட்டியின் கையில் இருக்கிறது. பெட்டியை நிரப்பியது நிர்வாகம். ஆண்டு மதிப்பீட்டையே நிறுவனங்களின் கொடிய நோய்களில் ஒன்றாக அவர் எழுதிவைத்தார்.

என் நெடுநாள் புகாரும் இதுதான். தரவரிசை, தலைவரைக் கணக்கிலிருந்து விடுவித்துவிடுகிறது. மெய்நிகர் உலகமான மெட்டாவெர்ஸை உருவாக்கும் மெட்டாவின் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2024இல் மட்டும் 1,700 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியது. மெட்டாவெர்ஸ் மீது பந்தயம் கட்டியவர், வாக்குரிமையில் பெரும்பான்மையைக் கையில் வைத்திருக்கும் ஜக்கர்பெர்க். அவருக்கு ரேட்டிங் போடுவது யார்?

கூட்டு வேலை என்ன ஆகும் என்பதை மைக்ரோசாஃப்ட் பட்டுத் தெரிந்துகொண்டது. இதே போன்ற தரவரிசை முறை இருந்த அங்கே திறமைசாலிகள் ஒரே டீமில் சேரத் தயங்கினார்கள்; பக்கத்தில் கெட்டிக்காரன் இருந்தால் தன் ரேட்டிங்தானே இறங்கும்? 2013 நவம்பரில் அந்த முறை கைவிடப்பட்டது.

வெல்ச்சின் நிறுவனமோ 2018இல் டவ் ஜோன்ஸ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, 2024இல் மூன்றாகப் பிரிந்து முடிந்தது. பழியைப் பின்னால் வந்தவர்கள்மேல் போடுகிறார்கள். அந்தப் பின்னால் வந்தவர்களை வளர்த்து, வடிகட்டி, முதல் இருபதில் வைத்தது யார்? வெல்ச்சின் நாற்காலிக்குப் போட்டியிட்ட மூவரில் ஒருவரான பாப் நார்டெல்லி, ஹோம் டிப்போ நிறுவனத்துக்குத் தலைவராகப் போனார். ஆறு ஆண்டுகளில் அதன் பங்கு விலை முன்னேறவே இல்லை. 2007 தொடக்கத்தில் அவரும் வெளியேற நேர்ந்தது. கடைசிப் பத்தில் விழுந்தவர்களைப் போல வெறுங்கையோடு அல்ல. வெளியேறுவதற்கான தொகுப்பு சுமார் 21 கோடி டாலர்.