நம்பிக்கையும் நலிவும்: ஊவாத் தோட்டப்புறக் கிறித்தவரின் உளத்துயர் குறித்த ஓர் இலக்கிய நோக்கு

மலையக இலக்கியம் பற்றி இதுகாறும் எழுந்த திறனாய்வுகள் உழைப்பு, சுரண்டல், குடியுரிமை, இனவொடுக்குமுறை ஆகிய பொருள்களை விரிவாக ஆராய்ந்துள்ளன. அவ்வாராய்ச்சி இன்றியமையாதது, அதன் பெறுபேறுகளை மறுப்பது எமது நோக்கமன்று. எனினும் அவ்விலக்கியத்தில் இடையறாது ஒலிக்கும் துயரத்தைச் சமூகத் துயரமென்று பொதுமைப்படுத்தியதோடு பலரும் அமைந்துவிட்டனர். அச்சமூகத் துயரம் தனியொருவரின் உறக்கத்தையும் பசியையும் வாழும் விருப்பையும் குலைத்து நோயாக முற்றும்பொழுது அவர் எங்கே செல்கிறார், எம்மொழியிற் பேசுகிறார், எவர் அவருக்குச் செவிசாய்க்கின்றனர் என்ற வினாக்கள் போதிய கவனத்தைப் பெறவில்லை.

பதுளையையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் மனங்கொண்டு இவ்வினாக்களை நோக்குவோமாயின், கிறித்தவக் குடும்பங்களிடையே அவை தனியொரு வடிவம் பெறுவதைக் காணலாம். உளமருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவாகாதா என்ற ஐயமே அவ்வடிவம். இவ்வையம் எங்கிருந்து தோன்றியது, கிறித்தவ மரபு உண்மையிலேயே அதற்கு இடமளிக்கிறதா, பொருள்முதல்வாத நோக்கில் இதற்கு யாது விடை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

தோட்டத் தொழிலாளரிடையே கிறித்தவம் பரவிய வரலாறு இரட்டைத் தன்மையுடையது. திருச்சபைத் தூதுச் சங்கத்தின் சார்பில் 1854 ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்ற தமிழ்க் கூலி மிஷன் தோட்டத் துரைமாரின் ஊக்கத்தையும் பொருளுதவியையும் பெற்று வளர்ந்தது. துரை ஒருவன் நற்செய்திக்குப் பணம் வழங்குங்கால், அடக்கமும் பொறுமையுமுடைய தொழிலாளரையும் அவன் எதிர்பார்த்தான் எனக் கருதுவதில் தவறில்லை. துன்பத்தைச் சகித்தலே பக்தி என்ற போதனை தோட்டத்தின் பொருளாதாரத் தேவையுடன் நன்கு பொருந்திற்று.

ஆயினும் இது வரலாற்றின் ஒரு பாதியே. எழுத்தறிவும் பாடலும் கூடிவழிபடும் உரிமையும் அதே வழியாகவே லயங்களுக்கு வந்தன. 1972 இல் பதுளை தனி மறைமாவட்டமான பொழுது அதன் முதலாவது ஆயராகப் பொறுப்பேற்ற லியோ நாணயக்கார ஆண்டகை, ஏழை உழைப்பாளர் பக்கமே திருச்சபையின் இடம் என்பதை வலியுறுத்தியவர். அதே மாகாணத்தின் புத்தலைப் பகுதியில் சிங்கள விவசாயிகளிடையே வாழ்ந்து பணியாற்றிய மைக்கல் றொட்றிகோ அடிகள் 1987 நவம்பர் 10 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊவாவின் கிறித்தவம் அடக்கத்தைப் போதித்ததும் உண்டு. நீதிக்காக உயிரீந்ததும் உண்டு. எனவே மதத்தை ஒரே சொல்லால் ஒதுக்குவது வரலாற்று நோக்காகாது. 1844 இல் வெளியான தம் கட்டுரையில் மதத்தை அபினிக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், அதே பந்தியில் மதத்தை உண்மைத் துயரத்தின் வெளிப்பாடாகவும் அத்துயரத்துக்கு எதிரான குரலாகவும் கண்டார் என்பதை மறப்பவர் பலர். அக்காலத்தில் அபினி நோவு தணிக்கும் மருந்தாகவும் வழங்கிற்று என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

2

மலையக மக்களின் மரபில் துயரத்துக்கு வடிவமில்லாமல் இல்லை. ஒப்பாரி, காமன் கூத்து, பொன்னர் சங்கர் கதை முதலியன துயரத்தைக் கூட்டாகச் சுமக்க வழிவகுத்தன. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் இதன் சுவடுகளைக் காணலாம். கிறித்தவராகிய தொழிலாளர் இவற்றுட் சிலவற்றைக் கைவிட்டு, அவற்றின் இடத்திற் கீர்த்தனையையும் செபத்தையும் பெற்றனர். கூடியழும் பழக்கம் அவ்வாறு கூடிப்பாடும் பழக்கமாயிற்று.

ஆனால் கூட்டுத் துயருக்கு வடிவங்கண்ட மரபு, பெயரிடமுடியாத தனித்துயருக்கு இலகுவில் வடிவங்காணவில்லை. கணவனை இழந்தவள் அழலாம். காரணமின்றி அழுபவள் என்ன செய்வாள்? பேய் பிடித்ததென்பர், அல்லது பாவம் தொடர்கிறதென்பர். முன்னையது கோடாங்கியிடமும் பின்னையது செபக்கூட்டத்திடமும் அவளை இட்டுச் செல்கிறது. இரண்டிலும் அவள் பேசப்படுகிறாள், அவள் பேசுவதில்லை.

பதுளைப் பகுதியிற் பிறந்து, தோட்டப் பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றிய தெளிவத்தை ஜோசப் (1934-2022) இவ்விடத்தில் முக்கியத்துவம் பெறுகின்றார். கத்தோலிக்கராகிய அவர், தம் சிறுகதைகளில் லயத்து அறையின் இடநெருக்கடி வெறும் வசதிக்குறைவாக நில்லாது நாணமாகவும் குற்றவுணர்வாகவும் உள்ளத்துட் புகுவதைக் காட்டினார். 'மீன்கள்' என்ற கதை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஒரே அறையில் முழுக் குடும்பமும் உறங்கவேண்டிய நிலையில், குற்றம் செய்யாத மனிதன் குற்றவாளியாகத் தன்னை உணர்கின்றான். அக்குற்றவுணர்வைப் பாவசங்கீர்த்தனத்தாற் போக்க முடியாது. ஏனெனில் பாவம் அவனுடையதன்று, அறையினுடையது. அறையைக் கட்டியோர் அங்கே மன்னிப்புக் கேட்க வருவதுமில்லை. உளத்துயரின் பொருளியல் அடித்தளத்தை இத்துணைத் தெளிவாகப் புலப்படுத்தும் படைப்புகள் நம்மிடையே மிகச் சிலவே.

3

விசுவாசமும் வைத்தியமும் எதிரெதிரானவை என்ற கருத்துக்குக் கிறித்தவ இலக்கிய மரபு உண்மையில் ஆதாரம் தருகிறதா? இதற்கு விடைகாண ஜோன் பனியன் 1678 இல் வெளியிட்ட மோட்சப் பயண நூலை நோக்குவது பயனுடையது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதனைத் தழுவி இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894 இல் வெளிவந்து தமிழ்க் காப்பிய மரபில் இடம்பெற்றது. நம்பிக்கையிழப்பைப் பற்றித் தமிழ்க் கிறித்தவர் பெற்ற படிமங்கள் பலவற்றுக்கு இவ்விரு நூல்களுமே ஊற்று எனலாம்.

பனியனின் மூலநூலில் நம்பிக்கையிழப்பு இருமுறை வருகிறது. முதலில் அது சேற்றுநிலம். பயணி அதில் அமிழ்கின்றான். முதுகிலுள்ள சுமையாற் கரையேற இயலவில்லை. அப்பொழுது உதவி என்னும் பெயருடையவன் வந்து கைகொடுத்துத் தூக்கிவிடுகின்றான். இரண்டாவது முறை அது ஓர் அரக்கனின் கோட்டைச் சிறை. அங்கே பயணி நாட்கணக்கில் வாடியபின், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததை நினைவுகூர்ந்து பூட்டைத் திறந்து வெளியேறுகின்றான்.

இவ்விரு படிமங்களும் ஒரே நூலில் அருகருகே நிற்பது தற்செயலன்று. தன்னுள்ளிருக்கும் திறவுகோலால் திறக்கத்தக்க இருளும் உண்டு. பிறர் கைகொடுத்தாலன்றிக் கரையேற முடியாத சேறும் உண்டு. பனியன் இதனை நூலறிவாற் பெறவில்லை. 1666 இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில், விரும்பாத தெய்வநிந்தை எண்ணங்கள் ஆண்டுக்கணக்கில் தம்மை வதைத்ததை அவர் விவரித்துள்ளார். இன்றைய மருத்துவர் சிலர் அதனை எண்ணச் சுழற்சி நோயின் அறிகுறியாகக் காண்கின்றனர்.

ஆனால் நம் பிரசங்கமேடைகள் பல திறவுகோலை மட்டுமே எடுத்துக்கொண்டன, கைகொடுப்பவனை மறந்தன. உன்னிடமே திறவுகோல் இருக்க நீ ஏன் இன்னும் சிறையில் இருக்கின்றாய் என்ற கேள்வி சேற்றில் அமிழ்பவனிடம் கேட்கப்படுகிறது. விசுவாசம் உதவியாக வரவேண்டிய இடத்தில் மேலுமொரு சுமையாக மாறுவது இவ்வாறுதான். விவிலியமும் இக்கேள்வியை ஆதரிக்கவில்லை. சாவை வேண்டிச் சூரைச்செடியின் கீழ்க் கிடந்த எலியாவுக்குத் தூதன் முதலில் அளித்தது அப்பமும் தண்ணீருமே, கண்டனமன்று. துன்பத்துக்குப் பாவமே காரணம் என்று வாதிட்ட யோபுவின் நண்பர்கள் நூலின் முடிவிற் கண்டிக்கப்படுகின்றனர். கத்தோலிக்கர் ஏற்கும் சீராக் நூலின் 38 ஆம் அதிகாரம் செபத்தையும் மருத்துவரையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறது.

4

திருச்சபைகளின் பிற்கால நிலைப்பாடும் இதனோடு இயைந்ததே. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1953 இல் உளமருத்துவ மாநாட்டினருக்கு ஆற்றிய உரையில், அறநெறி வரம்புகளை வலியுறுத்தியவாறே அத்துறையின் பயனை ஏற்றார். 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மேய்ப்புப் பணியில் உளவியலையும் சமூகவியலையும் பயன்படுத்துமாறு பணித்தது. தன்னுயிரை மாய்த்தவர்க்கு அடக்கச் சடங்கு மறுத்த 1917 ஆம் ஆண்டுச் சட்டவிதி 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இடம்பெறவில்லை. 1992 இன் மறைக்கல்வி ஏடு, கடும் உளக்குலைவு அச்செயலின் பொறுப்பைக் குறைக்கும் என ஏற்றது. புரட்டஸ்தாந்தர் தரப்பில், ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ் 1950 இல் லக்னோவில் நூர் மன்சில் உளமருத்துவ நிலையத்தை நிறுவினார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957 இல் தொடங்கிய உளநல நிலையம், நோயாளியுடன் குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையிற் பங்குபெறும் முறையை வளர்த்தது.

ஆக, உளமருத்துவரை நாடுவதைப் பாவமாக்குவது திருச்சபையின் கோட்பாடன்று. அது கோட்பாட்டுக்கும் லயத்துக்கும் இடையிலுள்ள தூரத்தின் விளைவு. உரோமையில் 1983 இல் மாறிய விதி, மலையுச்சிக் கல்லறையில் அடக்கத்துக்குக் காத்திருக்கும் தாயின் செவிக்கு எட்ட எத்தனை ஆண்டுகள் ஆகும்? இலங்கை அரசும் இதில் விரைந்து செயற்படவில்லை. தற்கொலை முயற்சி இந்நாட்டில் 1998 வரை தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது. உயிர்தப்பியவர் ஒருபுறம் பாவியாகவும் மறுபுறம் குற்றவாளியாகவும் கருதப்பட்டார்; நோயாளியாகக் கருதப்படுவதற்கு இடமே இருக்கவில்லை.

5

இதுவரை கூறியது கொண்டு, மதத்தின் இடத்தில் உளமருத்துவத்தை வைத்துவிட்டால் போதும் என்று எவரும் முடிவுசெய்தல் ஆகாது. உளமருத்துவத்துக்கும் வர்க்கமும் மொழியும் உண்டு. 1926 இல் திறக்கப்பெற்ற அங்கொடை வைத்தியசாலையின் பெயர் நீண்டகாலம் வசைச்சொல்லாகவே வழங்கிற்று. சிகிச்சை தலைநகர்ப் புறத்திற் குவிந்திருந்தமையும் இவ்வச்சத்தை வளர்த்தது. பின்னர் மாவட்டங்கள்தோறும் சேவை விரிந்துள்ளபோதிலும், கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி பதுளை வைத்தியசாலைக்குச் செல்ல ஒரு நாட் சம்பளத்தை இழக்கவேண்டும். அங்கே தன் துயரத்தைத் தன் மொழியிற் கூறமுடியுமா என்பது அடுத்த தடை. காய்ச்சலைச் சைகையாற் காட்டலாம். மனச்சோர்வைச் சைகையாற் காட்ட இயலாது. மொழிபெயர்ப்பாளராக மகனோ மருமகளோ நிற்குமிடத்தில் எத்தனை உண்மைகள் வெளிவரும்?

மேலும், உளவளத்துணை துயரத்தை முற்றிலும் தனிமனிதக் குறைபாடாக ஆக்குமாயின் அதுவும் ஓர் அபினியாகவே முடியும். பரிஸ் நகரக் காவற்றுறை ஆவணக் காப்பாளர் ஜாக் பொய்ஷேயின் குறிப்புகளைத் தழுவி 1846 இல் மார்க்ஸ் வெளியிட்ட கட்டுரை, தற்கொலையைக் குடும்ப ஒடுக்குமுறையோடும் சமூக அமைப்போடும் இணைத்துக் கண்டது. அதிற் கூறப்பட்டோருட் பெரும்பாலோர் பெண்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இலங்கை வரலாறே இதற்குச் சான்றாகும். 1995 இல் இந்நாட்டின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக, உலகின் மிகவுயர்ந்தவற்றுள் ஒன்றாயிருந்தது. அவ்வாண்டிலும் பின்னரும் கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதும் அவ்வீதம் பெருமளவு வீழ்ந்தது. மக்களின் விசுவாசம் திடீரென வலுப்பெற்றதாலோ, மருத்துவர் தொகை திடீரெனப் பெருகியதாலோ இது நிகழவில்லை. புறநிலை ஒன்று மாற்றப்பட்டது, உயிர்கள் காக்கப்பட்டன. கணநேர உந்துதலைக் கடந்து பிழைத்தவர்க்குப் பேச ஒருவர் வேண்டும் என்ற தேவை மட்டும் அப்படியே இருந்தது. 1974 இல் இந்நாட்டில் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பு அத்தகைய செவிசாய்த்தலையே தன் பணியாகக் கொண்டது.

2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அத்தகைய இடத்தில் உயிர்தப்பியவரிடம் மூன்று வினாக்கள் ஒருங்கே எழுகின்றன. நான் மட்டும் ஏன் பிழைத்தேன் என்பது ஒன்று. இதனைக் குருவானவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இரவில் மண் இறங்கும் ஓசை ஏன் ஓயவில்லை, உறக்கம் ஏன் வரவில்லை என்பது மற்றொன்று, இது மருத்துவருக்குரியது. அவ்விடம் ஆபத்தானதென 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்ட பின்னரும் எம்மை ஏன் அங்கேயே வைத்திருந்தனர் என்பது மூன்றாவது. இதற்குச் செபமோ மாத்திரையோ விடையாகாது. தோட்ட நிருவாகமும் அரசும் தொழிற்சங்கங்களுமே பதிலிறுக்கவேண்டும். முதலாம் வினாவுக்குரிய விடையை இரண்டாவதற்குக் கொடுப்பது மூடநம்பிக்கை. முதலிரண்டின் விடைகளை மூன்றாவதற்குக் கொடுப்பது ஏமாற்று.

6

மேற்கண்டவற்றால் விசுவாசத்தையும் உளச்சிகிச்சையையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து நிறுப்பது பொருத்தமற்றது என்பது புலனாகும். ஒன்று ஏறின் மற்றது இறங்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. மருந்துண்ணும் விசுவாசி செபத்தைக் கைவிட்டவர் அல்லர். நீரிழிவுக்கு மருந்துண்பவரைப் பெரும்பாலான சபைகள் அவ்வாறு கேட்பதில்லை. தோட்டக் கோயில்களிலும் செபவீடுகளிலும் பணிபுரிவோர், தம்மிடம் வருபவருட் சேற்றில் அமிழ்பவரை இனங்கண்டு மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்வாராயின், பனியன் கண்ட உதவி என்னும் பாத்திரம் அவர்களே ஆவர். மருத்துவத்துறையோ, நோயாளியின் விசுவாசத்தை நோய்க்குறியாகக் கொள்ளாது அவர் பேசும் மொழியின் பகுதியாகக் கொள்ளவேண்டும். தமிழ் பேசும் உளவளத்துணையாளரைத் தோட்டங்களுக்கே அனுப்பவும் வேண்டும்.

திறனாய்வுக்கும் இதிற் கடமையுண்டு. அமைப்பு மாறினால் துயரம் தானே அகலும் என்று காத்திருப்பது, மறுமையில் ஆறுதல் உண்டு என்று காத்திருப்பதினின்றும் அதிகம் வேறுபட்டதன்று. லயங்கள் ஒழிக்கப்படவேண்டும், அதுவரை லயத்து அறையில் இன்றிரவு உறங்காதிருப்பவரும் நம் ஆய்வுப்பொருளே. அவர் எழுதப்பெறும் கதைகள் இன்னும் பல வரவேண்டும். அவற்றில் அவர் பேயாகவும் பாவியாகவும் வர்க்கத்தின் குறியீடாகவும் மட்டும் வராது, தம் நோயைத் தம் வாயாற் கூறும் மனிதராக வருவாராயின், மலையக இலக்கியம் தான் தொடங்கிய பணியில் மேலுமொரு படி முன்னேறியதாகக் கொள்ளலாம்.