பழைய மாணவர் இதழ்: யாரிடமிருந்து சுதந்திரம்?

பல்கலைக்கழகங்கள் தம் பழைய மாணவர்களுக்கு அனுப்பிவைக்கும் இதழ்களை நம்மில் யாரும் ஒரு பிரதியாகப் பாவித்துப் படிப்பதில்லை. வழவழப்பான தாள், பட்டமளிப்பு விழாப் படங்கள், பல்கலைக்கழகத் தலைவரின் சிரிப்பு, கடைசியில் ஒரு நன்கொடைப் படிவம். இதில் வாசிக்க என்ன இருக்கு என்று தூக்கிப் போட்டுவிடுவோம். ஆனால் அமெரிக்காவில் இந்த இதழ்களைத் தயாரிக்கிறவர்களின் வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், சிறுபத்திரிகைக்காரர்களான நாம் ரொம்பப் புனிதமாகப் பொத்தி வைத்திருக்கும் ஒரு சொல் ஆட்டம் காண்கிறது. ‘சுதந்திரமான பத்திரிகை’ என்பதே அந்தச் சொல்.

இந்த இதழின் ஆசிரியர் ஒரு விசித்திரமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலான இடங்களில் அவருக்குச் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம். அவருடைய வாசகர்களோ, அதே பல்கலைக்கழகம் பணம் கேட்டுக் கையேந்தி நிற்கும் ஆட்கள். நிர்வாகத்தைக் குறை சொன்னால் முதலாளிக்குக் கோபம். வாசகரைச் சீண்டினால் முதலாளியின் உண்டியலில் ஓட்டை. இந்த இக்கட்டிலிருந்து தப்பிக்கச் சில இடங்களில் வழி கண்டார்கள். 1898ல் தொடங்கிய ஹார்வர்டு இதழைப் பல்கலைக்கழகத்திலிருந்து தனியாகப் பதிவு செய்யப்பட்ட, லாபநோக்கற்ற ஒரு நிறுவனம் நடத்துகிறது. 1900ல் தொடங்கிய ‘பிரின்ஸ்டன் அலும்னி வீக்லி’, பழைய மாணவர்களால் பழைய மாணவர்களுக்காக நடத்தப்படும் தன்னுரிமை உள்ள இதழ் என்றே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. (வாரம் என்பது இன்று அதன் பெயரில் மட்டும்தான் மிச்சம்.)

சம்பளத்துக்கு எழுதுகிறவன் வாலாட்டத்தான் செய்வான் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். கார்பின் குவால்ட்னியின் கதை அப்படிச் சொல்ல விடுவதில்லை. 1950ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் இதழைத் தொடங்கி நடத்தியவர் அவர். 1957ல் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவிய பிறகு அமெரிக்கக் கல்விக்கு என்ன கேடு வந்தது என்று ஒரே பதற்றம். அந்தச் சூழலில் குவால்ட்னியும் வேறு பல்கலைக்கழக இதழ்களின் ஆசிரியர்களும் ஒன்றுசேர்ந்து, உயர்கல்வியின் நிலைமை பற்றி 32 பக்க இணைப்பு ஒன்றை 1958ல் தயாரித்தார்கள். பல இதழ்களுக்குள் வைத்து அது பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. தன் கல்லூரிப் பெருமையை மட்டுமே பேசிக்கொண்டிருந்த ஒரு வடிவம், தன் மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்த தருணம் அது. ஆனால் அந்த வேலையைத் தொடர அவர் பல்கலைக்கழக இதழை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 1966ல் ‘தி குரானிக்கிள் ஆஃப் ஹையர் எஜுகேஷன்’ வந்தது. உயர்கல்வியை உள்ளிருந்தே விசாரிக்கும் செய்தித்தாளுக்கு விதை, கூலிக்கு எழுதும் பழைய மாணவர் இதழில் கிடந்திருக்கிறது.

சரி, இதழின் பின்பக்கங்களுக்கு வருவோம். உண்மையான வாசகர்கள் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குகிறார்கள். படிப்பை முடித்த ஆண்டுவாரியாக வகுப்புக் குறிப்புகள். அதன்பின் மரணக் குறிப்புகள். இவற்றை எழுதுவது ஆசிரியர் குழு இல்லை. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒருவர் சம்பளமில்லாமல் எழுதுகிறார். இன்னார் வங்கித் துணைத்தலைவர் ஆனார், இன்னாருக்கு இரட்டைக் குழந்தைகள், இன்னார் தன் படகில் கடல் சுற்றினார். 1969லிருந்து சில ஆண்டுகள் பிரின்ஸ்டன் இதழின் ஆசிரியராயிருந்த லாண்டன் ஜோன்ஸ் பின்னாளில் ‘பீப்பிள்’ இதழின் ஆசிரியரானதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பிரபலங்களின் வகுப்புக் குறிப்புதானே அது.

வேலை போனவர், கடனில் மூழ்கியவர், படிப்பைப் பாதியில் விட்டவர் பெரும்பாலும் குறிப்பு அனுப்புவதில்லை. யாரும் தடுக்கவில்லை, அவர்களே தம்மைத் தணிக்கை செய்துகொள்கிறார்கள். நிர்வாகத்தின் நிழல் மிகக் குறைவாக விழும் பக்கங்களில்தான் மௌனம் மிக அதிகம். தமிழில் ‘வகுப்பு’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘வகுப்புவாரி’ என்ற சொல்லுக்காகத் தெருவில் இறங்கிய ஊர் இது. பிரின்ஸ்டனின் வகுப்புக் குறிப்புகளை அந்த இரண்டாவது அர்த்தத்தில்தான் படிக்க வேண்டும்.

அப்படிப் படிக்க இரண்டு ஆவணங்கள் உதவும். இரண்டும் 1985ஐச் சேர்ந்தவை.

பிரின்ஸ்டன் 1969ல்தான் பெண்களை இளநிலைப் படிப்பில் மாணவியராகச் சேர்த்துக்கொண்டது. கறுப்பின மாணவர் எண்ணிக்கையும் கூடத் தொடங்கியது. 1972ல் பழைய மாணவர் சிலர் ‘கவலைகொண்ட பிரின்ஸ்டன் பழைய மாணவர்கள்’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பு கண்டார்கள். தங்களுக்கென்று ஏற்கெனவே ஓர் இதழ் இருந்தும் ‘பிராஸ்பெக்ட்’ என்று தனி இதழ் நடத்தினார்கள். பெண்கள் வருவதும் சிறுபான்மையினர் வருவதும் தங்கள் பிள்ளைகளுக்கு இடம் குறைவதும் அதன் கவலைகள். பம்பாயில் பிறந்த தினேஷ் டிசூசா 1980களில் அதன் ஆசிரியராக இருந்தார். நிறத்தால் விலக்கப்படக்கூடிய ஒருவர் விலக்கும் இதழுக்கு ஆசிரியர். நமக்குப் பழக்கமான காட்சிதான். சாமுவேல் அலிட்டோ 1985ல் ரீகன் அரசில் பதவி உயர்வு கேட்டு எழுதிய விண்ணப்பத்தில், இந்த அமைப்பின் உறுப்பினன் என்பதைத் தகுதியாகக் குறிப்பிட்டார். 2006ல் உச்சநீதிமன்ற நீதிபதி பதவிக்கான விசாரணையில் கேட்டபோது, உறுப்பினராக இருந்ததே ஞாபகம் இல்லை என்றார். இது முதல் ஆவணம்.

இரண்டாவது, அதே 1985ல் மிஷேல் ராபின்சன் என்ற சமூகவியல் மாணவி எழுதிய இளநிலை ஆய்வேடு. பிற்காலத்தில் மிஷேல் ஒபாமா. பிரின்ஸ்டனில் படித்து வெளியேறிய கறுப்பினத்தவர் 400 பேருக்கு அவர் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். படித்த பிறகு உங்கள் சமூகத்தோடு உங்களுக்கிருந்த உறவு என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வியின் சாரம். 89 பேர் பதில் போட்டார்கள். வகுப்புக் குறிப்பு எந்தக் காலத்திலும் கேட்காத கேள்வி அது. பதவி என்ன, பிள்ளைகள் எத்தனை என்று கேட்கும் இதழுக்கு, இந்த மேலேற்றத்தில் நீ யாரை விட்டுவந்தாய் என்று கேட்க வாய் வராது. பழைய மாணவர் இதழின் எழுதப்படாத பக்கத்தை ஒரு மாணவி தனியாளாக எழுதிப் பார்த்திருக்கிறார்.

இனி நம்முடைய சங்கடம். வடிவத்தை மட்டும் பார்த்தால் ‘பிராஸ்பெக்ட்’ அச்சு அசல் ஒரு சிறுபத்திரிகை. சிறு குழு, நிர்வாகத்துக்கு எதிர்ப்பு, கறாரான நிலைப்பாடு, யாருக்கும் பணியாத திமிர். பல்கலைக்கழகத்திடமிருந்து அதற்கு முழுச் சுதந்திரம் இருந்தது. அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு அது செய்தது, உள்ளே வந்துகொண்டிருந்தவர்கள் முகத்தில் கதவைச் சாத்தப் பார்த்தது. சம்பளக்காரரான குவால்ட்னியோ தன் மதிலைத் தாண்டி எட்டிப் பார்த்தார். ஆகவே ஓர் இதழ் சுதந்திரமானதா என்ற கேள்வி போதாது. யாரிடமிருந்து சுதந்திரம், யாரை வெளியே நிறுத்துவதற்கான சுதந்திரம் என்றும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

இதை அமெரிக்காவுக்கு மட்டும் சொல்லிவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது. நம் இதழ்களுக்கும் பின்பக்கங்கள் உண்டு. யாருக்கு அஞ்சலி எழுதுகிறோம், யாருடைய முதல் தொகுப்புக்கு மதிப்புரை போடுகிறோம், எந்தக் கடிதத்தை ‘இடமின்மை காரணமாக’ விட்டுவிடுகிறோம் என்பதெல்லாம் நம் வகுப்புக் குறிப்புகள். எந்த நிறுவனத்திடமும் காசு வாங்காத பெருமையை அட்டையில் போட்டுக்கொள்ளலாம். அதற்குமுன் இருபது இதழ்களின் கடைசிப் பக்கங்களை மட்டும் எடுத்து வைத்து, அதில் யார் பெயர் ஒருமுறைகூட வரவில்லை என்று எண்ணிப் பார்ப்போம்.