பெட்டியும் கோட்டையும்

டானியேல் மென்டல்சன் 2006ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி லாஸ்ட்' ஒரு குடும்ப வரலாற்று நூல். அறுபது இலட்சம் பேருள் அறுவரைத் தேடுதல் என்பது அதன் துணைத்தலைப்பின் பொருள். நூலாசிரியர் கிரேக்க இலக்கியம் பயின்றவர். நியூயார்க்கைச் சார்ந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக அவர் அறைக்குள் நுழைந்தாலே முதிய உறவினர் சிலர் அழத் தொடங்குவராம். பாட்டனாரின் அண்ணன் ஷ்மியேலின் முகச்சாயல் சிறுவனிடம் இருந்ததே காரணம். ஷ்மியேலும் மனைவியும் நான்கு பெண்மக்களும் நாசிகளால் கொல்லப்பட்டனர் என்பதற்கு மேல் வீட்டில் எவரும் பேசியதில்லை.

புலம்பெயர்ந்து வந்தோரின் தடத்தைக் கண்டறிவது அத்துணை அரிதன்று. கப்பற்பயணிகள் பட்டியல் உண்டு. குடிக்கணக்கு ஏடுகள் உண்டு. நியூயார்க்கில் குடியேறிய யூதர் ஊர்வாரியாகச் சங்கம் அமைத்து, நோயுற்றோர்க்கு உதவியதோடு கல்லறை நிலமும் வாங்கி வைத்தனர். அக்கற்களும் பெயர் சொல்லும். ஆனால் ஊரிலேயே தங்கிவிட்டவனுக்குக் கல் ஏது? ஷ்மியேல் முதல் உலகப் போருக்குச் சற்று முன் நியூயார்க்குக்கு வந்து, அந்நகர் பிடிக்காமல் சொந்த ஊரான பொலெகோவுக்கே திரும்பியவர். அன்று ஆஸ்திரியப் பேரரசின் கலீசியாவில் இருந்த அவ்வூர், பின்னர் போலந்துக்கும் இன்று உக்ரைனுக்கும் உரியது. 1939இல் அவர் உதவி வேண்டி நியூயார்க் உறவினர்க்கு எழுதிய மடல்களைப் பாட்டனார் தம் சட்டைப்பையில் இருந்த பணப்பையில் எப்போதும் வைத்திருந்தார். 1980இல் அவர் இறந்த பிறகே குடும்பத்தார் அவற்றைக் கண்டனர்.

இங்கேதான் நூல் வெறும் வம்ச ஆராய்ச்சியைக் கடந்துவிடுகிறது. கரை சேர்ந்தவன், சேராத உடன்பிறப்புக்கு என்ன செய்தான்? ஆசிரியர் தம் கதைக்கு இடையிடையே தொடக்கநூலின் பகுதிகளையும், இராஷி முதலிய யூத உரையாசிரியர்தம் விளக்கங்களையும் வைத்துச் செல்கிறார். காயின், ஆபேல் பகுதி அவற்றுள் நெஞ்சைத் தைப்பது. ஆபேலின் இரத்தத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் அங்கே பன்மையில் நிற்கிறது. அவனிடமிருந்து பிறந்திருக்கக்கூடிய சந்ததி முழுவதன் இரத்தமும் அதில் அடங்கும் என்று இரபிகள் பொருள் கண்டனர். நான்கு மகளிரின் பெயரோடு நின்றுவிட்ட ஒரு வம்சத்தை எண்ணுகையில் அப்பன்மை கனக்கிறது.

ஆயினும் ஒன்றில் ஆசிரியரோடு நான் உடன்படவில்லை. உடன்பிறந்தோரிடையே நிலவிய பொறாமைக்கு அவர் தரும் இடம் மிகுதி. 1924ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமெரிக்கா தன் வாயிலை ஒடுக்கிக்கொண்டதற்குத் தரும் இடம் குறைவு. தையலும் சிறு வாணிபமும் செய்து பிழைத்த குடியேறிகள் ஒரு பேரரசின் சட்டத்தை என் செய்திருக்க முடியும்? வீட்டுக்குள் தேடும் குற்றவாளி சில வேளை வீட்டில் இருப்பதில்லை.

தேடலின் பெரும்பகுதி சிட்னியிலும் இஸ்ரயேலிலும் ஸ்டாக்ஹோமிலும் நிகழ்வது வியப்பு. பொலெகோவின் யூதர் ஆயிரக்கணக்கானோருள் எஞ்சியவர் 48 பேரே. அவர்களும் உலகெங்கும் சிதறினர். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கிறார். ஆசிரியர் யாரையும் மடக்கவில்லை, முரண்களை முரண்களாகவே பதிந்து வைக்கிறார். இவ்வடக்கமே நூலின் தலையாய சிறப்பு.

ஷ்மியேலும் மகளும் ஒரு கோட்டையில் ஒளிந்திருந்தனர் என்று பாட்டனார் சொன்னதாகப் பேரன் நினைவு வைத்திருந்தார். நேரில் சென்று கண்டபோது அங்கே இருந்தது, தரைக்கடியில் ஒரு சிறு குழி. 'கெஸ்டல்' என்ற இத்திஷ் சொல்லுக்குப் பெட்டி என்று பொருள். ஆங்கிலம் பேசும் சிறுவனின் செவியில் பெட்டி கோட்டையாகிவிட்டது! அவர்களை ஒளித்து வைத்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. அம்மகளை நேசித்த போலந்துக் கத்தோலிக்க இளைஞன் ஒருவன் அவளைக் காக்க முயன்று தன் உயிரையும் இழந்தான்.

கத்தோலிக்க வாசகர் இவ்விளைஞனைக் கண்டதும் மனம் ஆறுவர். மறையுரைக்கு எடுத்துக்காட்டாக்கவும் கூடும். ஆனால் அதே நூலில் வேறொரு பக்கமும் உண்டு. 1941 அக்டோபரில் பொலெகோவின் யூதர் பலரைத் திரட்டி அடைத்து வதைத்த இடம், அவ்வூரின் கத்தோலிக்க மன்றக் கட்டடம். ஷ்மியேலின் மற்றொரு மகள் அங்கிருந்தே கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். நம் மக்கள் நாடகம் ஆடவும் கூட்டம் கூடவும் எழுப்பும் மன்றங்களைப் போன்றதே அது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூத மக்களைப் பற்றிச் சொன்னதைக் குருமடத்தில் ஏட்டளவில் கற்றோம். அந்த ஏட்டுக்கு முன்னே நின்ற கட்டடம் இது. ஆசிரியர் சினமின்றி ஓரிரு பக்கங்களில் இதைச் சொல்லிச் செல்கிறார். இளைஞனின் பக்கத்தை மட்டும் மடித்து வைத்துக்கொள்வோர் நூலைப் படித்தவராகார்.

கதைக்குள் கதையாக நீளும் நடை சில இடங்களில் பொறுமையைச் சோதிக்கிறது. ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் செல்லும் நூல் இது. அவசரத்தில் இருப்போர் சிட்னிப் பகுதியிலிருந்து தொடங்கலாம். ஆசிரியரின் தம்பி எடுத்த முதியோரின் ஒளிப்படங்களை மட்டும் விட்டுவிட வேண்டாம்.