சாந்தோமில் கோட்டையைத் தேடாதீர்கள்

சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "போர்த்துகீசியர் கட்டியது" என்று சொல்கிறவர்கள் பலர். அந்தக் கோபுரம் ஆங்கிலேயர் காலத்தது, 1896இல் முடிந்தது. 1523 வாக்கில் போர்த்துகீசியர் எழுப்பிய தேவாலயத்தை இடித்துவிட்டுத்தான் இதைக் கட்டினார்கள். ஊரைச் சுற்றிப் போர்த்துகீசியர் எழுப்பிய மதிலும் இன்று இல்லை. ஆகவே போர்த்துகீசிய மயிலையை ரசிக்க வருகிறவர் லஸ்ஸில் தொடங்குவதே சரி.

தியாகராய நகர்வாசிகளுக்கு ஒரு வசதி உண்டு. தி.நகர் 1920களில் ஏரியைத் தூர்த்து எழுந்த பேட்டை. அந்த ஏரி நிறைந்து கிடந்த காலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கிழக்கே போனால், அன்று காட்டுக்குள் இருந்த லஸ் மாதா கோயிலுக்குக் 'காட்டுக் கோயில்' என்று பெயர் வந்ததில் வியப்பு இருக்காது. கடலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகளைக் கரையில் தெரிந்த ஓர் ஒளி இங்கே கொண்டுவந்து சேர்த்தது என்பது ஐதீகம். அங்குள்ள கல்வெட்டு 1516 என்கிறது. ஆண்டைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, கட்டடமும் பலமுறை திருத்தப்பட்டது. அதனால் ரசனை குறைந்துவிடாது. உள்ளே போனதும் பீடத்துக்கு விரையாமல் வாசலருகே நின்று சுவரின் கனத்தைப் பாருங்கள். பிறகு வளைவுகள், கடைசியில் பீடம்.

சுவரைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கரையின் பழைய கட்டடங்களுக்கு உயிர் கிளிஞ்சல் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, அரைத்துப் பூசினால் பளிங்கு போல் மின்னும். கட்டச் சொன்னவர் லிஸ்பன்காரராக இருக்கலாம், பூச்சின் நுட்பம் நம் கொத்தனார்களுடையது. உலகின் மறுகோடியில், ஸ்பானியர் வசமிருந்த ஃபுளோரிடாவிலும் இதே கடல்பொருள்தான் கைகொடுத்தது. 1580 முதல் 1640 வரை போர்த்துகலையும் ஸ்பானிய மன்னரே ஆண்டார். 1606இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் உருவானபோது சாந்தோமுக்கும் ஃபுளோரிடாவுக்கும் அரசர் ஒருவரே. 1672இல் சாந்தோமைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினார்கள், 1674இல் இழந்தார்கள். அதே 1672இல் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் ஸ்பானியர் சான் மார்க்கோஸ் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். சிப்பிகள் இறுகி உருவான கல்லால் ஆனது அது. 1702இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது பீரங்கிக் குண்டுகளை அந்த மென்கல் உள்வாங்கிக்கொண்டது, கோட்டை விழவில்லை. இன்றும் நிற்கிறது.

லஸ்ஸுக்கு அடுத்து பரங்கிமலை. சைதாப்பேட்டை வழியாகப் போனால் சின்னமலையையும் பார்த்துவிடலாம், அங்கே 1551இல் போர்த்துகீசியர் கோயில் கட்டினார்கள். பரங்கிமலைப் படிக்கட்டு கோஜா பெத்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகரின் கொடை. மேலே பீடத்தில் பதித்திருக்கும் கற்சிலுவைதான் இந்தப் பயணத்தின் உச்சம் என்பேன். 1547இல் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. அதைச் சுற்றி ஓடும் எழுத்து பஹ்லவி, பழைய பாரசீகத்தினுடையது. போர்த்துகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

சாந்தோமுக்குக் கடைசியில் வாருங்கள். கடலோரத்தில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது என்பது மயிலையில் நெடுநாளாக நிலவும் கருத்து. தேவாலயப் பகுதியில் பழைய கோயில் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. ஜெபமும் பீரங்கியும் ஒரே கப்பலில் வந்த காலம் அது. அழகைப் பார்க்கிற கண் இதையும் பார்க்க வேண்டும்.

இந்தக் கோயில்களைப் பராமரிக்கும் பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள். பழுதுபார்க்கும்போது சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சுவர் உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள்.