சுரங்கத்தில் மாண்டவர்களுக்கு ஒரு சிற்பம்

சுவிற்சர்லாந்தில் பிறந்து இத்தாலியில் பெயர்பெற்ற சிற்பி வின்சென்சோ வேலா (1820–1891). மரணத் தறுவாயிலிருக்கும் நெப்போலியனை அவர் செதுக்கிய சிலை 1867இல் பாரிஸ் கண்காட்சியில் பெரும் புகழீட்டியது. பிரெஞ்சு அரசு அதை வாங்கிக்கொண்டது. எனினும் அவரது தலைசிறந்த ஆக்கம் ‘உழைப்பின் பலிகள்’ என்ற புடைப்புச் சிற்பமே என்பேன்.

ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த கொத்தார்ட் சுரங்கப் பாதை வேலையில் (1872–1882) ஏறத்தாழ 200 தொழிலாளர் மாண்டனர். பெரும்பாலோர் இத்தாலியர். யாரும் கேளாமலே வேலா அவர்களுக்காக இதைப் படைத்தார். சிறுவயதில் கல் வெட்டிய கைகள் அவருடையவை. இறந்தவனைத் தோழர்கள் சுமந்து வருகிறார்கள். தேவதைகள் இல்லை, ஒப்பாரி இல்லை. பாரம் மட்டுமே தெரிகிறது. அந்த அடக்கமே நெப்போலியன் சிலையில் நான் காணாதது.

1883இல் சூரிச்சில் காட்சிக்கு வந்த இச்சிற்பம், ஐரோலோ புகையிரத நிலையத்தில் வெண்கலமாக நிற்க 1932 வரை காத்திருந்தது.